மட்டக்களப்பில் இரண்டு நாள்: எந்த நேரத்துக்கு எந்தக் கடை

மட்டக்களப்புக்கு முதல்முறை வருகிறவர்களில் பலர் பாசிக்குடாக் கடற்கரையில் அறை எடுக்கிறார்கள். ஒரு பின்னேரம் பட்டணத்துக்குள் வந்து, கோட்டை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, சந்தை கலைகிற நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமில்லையே" என்று போய்விடுகிறார்கள். ஊரில் குறையில்லை, வந்த நேரம்தான் பிழை. இங்கே அனுபவிக்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது இருக்கிறது. தயிருக்குக் காலை, நண்டுக்கு மத்தியானம், துணிக்குப் பின்னேரம், கொத்துரொட்டிக்கு இரவு, வாவி மீன்கள் பாடுவதாகச் சொல்லும் மீன் பாட்டுக்கு நடுச்சாமம். அந்த ஒழுங்கில் போனால் இரண்டு நாளில் ஊரை நன்றாக ருசித்துவிடலாம். கையில் பெரிய காசும் தேவையில்லை.

முதலில் ஊரின் கிடப்பு

மட்டக்களப்பு வாவி என்கிற கடலோரக் களப்பு வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. மீன், தேங்காய், நெசவு எல்லாம் எழுவான்கரைச் சரக்கு. நெல்லும் எருமைத் தயிரும் படுவான்கரையிலிருந்து வரும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் வாவிக்குள் இருக்கும் புளியந்தீவு. பழைய பட்டணம் அதுதான். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டியதும், பத்து வருடம் கழித்து 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டதும் சும்மா இல்லை. இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதல் கோட்டை இது.

கடையில் ஏதாவது வாங்கும்போது "இது எந்தக் கரைச் சாமான்?" என்று கேட்டுப் பாருங்கள். விற்கிறவர் முகம் மாறும். விவரம் தெரிந்த ஆள் என்று நினைத்து, உள்ளே வைத்திருப்பதை எடுத்து வெளியே வைப்பார்.

எப்போது வருவது

கார்த்திகை, மார்கழியில் வராதீர்கள். வாடைக் காற்றோடு கொட்டுகிற மழையில் படுவான்கரைப் பாதைகள் பல தண்ணீருக்குள் போய்விடும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை நல்லது. இடையில் கச்சான் காற்று என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் வெயில் கடுமை என்பதால் பதினொரு மணிக்கு மேல் தெருவில் அலையாமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். ஊரார் அப்படித்தான் இருக்கிறார்கள்.

நாள் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மீன் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பூரணையை ஒட்டி வர வேண்டும். ஆனால் நிலவு காலத்து நண்டு சோடை, அமாவாசைப் பக்கம்தான் சதை நிறைந்திருக்கும் என்பது வாவி மீனவர் பேச்சு. பாட்டா, நண்டா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் நண்டு. இன்னொன்று, பூரணை தினத்தில் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் பூட்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில், முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போய்ப் பயனில்லை. நோன்பு மாதத்தில் அங்கே பகலில் சாப்பாட்டுக் கடை தேட வேண்டாம். அதே மாதம் இரவில் போனால் தெரு முழுக்க வெளிச்சமும் சனமுமாக இருக்கும், பார்க்க வேண்டிய காட்சி. ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். ஆனால் திருவிழாக் கடைகள், வளையல், மண்பாண்டம், சுடச்சுடக் கச்சான் (நிலக்கடலை) எல்லாவற்றுக்கும் அதுதான் காலம்.

வந்து இறங்குவதும் தங்குவதும்

கொழும்புக் கோட்டையிலிருந்து நேரே மட்டக்களப்புக்கு ரயில் உண்டு. மாகோ, பொலன்னறுவை வழியாக வரும். நேரங்கள் மாறுவதால் முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொண்டு, இருக்கைக்கும் பதிந்துவிடுங்கள். பஸ்ஸில் வந்தால் புளியந்தீவிலேயே இறங்கலாம். ரயிலில் வந்தால் புளியந்தீவுக்குப் பாலம் தாண்டுமுன், கோட்டைமுனைப் பக்கம் இறங்குவீர்கள். அங்கிருந்து ஆட்டோ. ஏறுமுன் விலையைப் பேசுங்கள், அல்லது மீற்றர் உள்ள ஆட்டோவில் ஏறுங்கள்.

தங்குவது புளியந்தீவில் அல்லது கல்லடிப் பாலத்துக்கு அப்பால் கல்லடியில். பாசிக்குடா அழகான கடற்கரைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பட்டணத்திலிருந்து சுமார் 35 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. அங்கே தங்கினால் காலைச் சந்தையும் இல்லை, இரவில் மீன் பாட்டுக் கேட்கும் பாலமும் இல்லை. வாவியைப் பார்த்த ஒரு சாதாரண விடுதி அறை, ஒரு மின்விசிறி, விடிய ஐந்தரைக்குத் தோணிக்காரர் பேச்சுக் கேட்கிற யன்னல். இந்த ஊருக்கு அது போதும்.

முதல் நாள் காலை: புளியந்தீவு

ஆறரைக்கு வெளியே இறங்கிவிடுங்கள். முதலில் ஒரு பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி. அப்புறம் நேரே மீன் பக்கம். கடல் மீனும் வாவி மீனும் தனித்தனியாகக் கிடக்கும். வாவிக் கொடுவாய், மணலை, இறால், நண்டு. சமைக்க இடமில்லாவிட்டாலும் பாருங்கள், ஏனென்றால் மத்தியானம் உங்கள் தட்டுக்கு வரப்போவது இதுதான். இன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் சாப்பாட்டுக் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அல்லது பிட்டு, சொதி, சம்பல். சிறிய கடையாகப் பாருங்கள். சுவரில் பெரிய படங்களோடு விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும் கடையை விட, வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி பார்சல் கட்டிக்கொண்டு போகிற கடை மேல்.

வெயில் ஏறுமுன் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. மதில் சுவரின் கனத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். நீண்ட காலம் கச்சேரியாக, அதாவது மாவட்ட அரச அலுவலகமாக இயங்கிய இடம் என்பதால் உள்ளே போகுமுன் வாசலில் கேட்டுக்கொள்வது மரியாதை. அங்கிருந்து காந்திப் பூங்கா பக்கம் நடந்தால் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி அவர். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. போர்த்துக்கேயக் கிரியோல் பேசத் தெரிந்த வயசாளிகளும் இருக்கிறார்கள். நானூறு வருடப் பேச்சு, நம்மூர் மரவேலைப் பட்டறைகளுக்குள்ளேயும் வீட்டுத் திண்ணைகளிலும் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

தயிர்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மட்டக்களப்பின் முதல் ஆடம்பரம் இதுதான்.

எருமைப் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, உறை சேர்த்து, நேரே மண்சட்டியில் ஊற்றி விடுவார்கள். சுடுமண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் தயிர் இறுகி நிற்கும். வாயைக் கடதாசியால் மூடிக் கயிற்றால் கட்டி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பிளாஸ்டிக் டப்பாவிலும் கிடைக்கும், தேவையில்லை.

வாங்கும் முறை இது. கடதாசியைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். தயிர் சட்டியோடு சேர்ந்து சாய வேண்டும், தனியாக ஓடக்கூடாது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றால் அது பழையது, அல்லது வண்டியில் குலுங்கி வந்தது. மேலே தடித்த ஆடை இருக்க வேண்டும். கரண்டியால் வெட்டி எடுத்த இடத்தில் உள்ளே தூய வெள்ளையாக இருந்தால் எருமைப் பால். மஞ்சள் சாயல் தெரிந்தால் பசுப்பால் கலந்திருக்கிறது. கலந்தால் கேடு ஒன்றுமில்லை, ஆனால் எருமைத் தயிர் விலை கொடுக்காதீர்கள். சட்டியின் வெளிப்பக்கம் ஈரமாகக் கசிந்து புளிவாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

சாப்பிடும் முறையும் உண்டு. கொழும்பில் கித்துள் பாணி (கித்துள் மரத்து இனிப்புப் பாகு) ஊற்றிச் சாப்பிடுவார்கள், அது நன்றாகத்தான் இருக்கும். பாணி மலைநாட்டுச் சரக்கு. இங்கத்து வீடுகளில் சாப்பாட்டின் முடிவில் கடைசிப் பிடி சோற்றில் தயிரைப் போட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து, சீனி தூவிச் சாப்பிடுவார்கள். மாம்பழக் காலமென்றால் மாம்பழம். புதிதாக வந்தவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் "ஒள்ளுப்பம் (கொஞ்சம்) போடட்டா?" என்று வீட்டுக்காரி கேட்டால் தட்டை நீட்டுவார்கள்.

நண்டுக்கு மத்தியானம்

களப்பு நண்டு சாப்பிட வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லி வையுங்கள். நீங்கள் தங்கியிருக்கும் விடுதியிலோ நம்பிக்கையான சாப்பாட்டுக் கடையிலோ "மத்தியானம் நண்டு வேணும், இத்தனை பேருக்கு" என்று எட்டு மணிக்குள் சொன்னால், சந்தையில் பார்த்து வாங்குவார்கள். மத்தியானம் போய்க் கேட்டால் ஐஸ் பெட்டி நண்டுதான்.

நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், உயிரோடு இருப்பதை மட்டும் எடுங்கள். வயிற்றுப் பக்க ஓட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கினால் சதையில்லை. அளவுக்கு மிஞ்சிப் பாரமாக இருக்கும் நண்டுதான் நல்ல நண்டு, பெரிய நண்டு இல்லை. கறி முருங்கை இலை போட்டு, தேங்காய்ப் பாலோடு, உறைப்பாக வரும். குத்தரிசிச் சோறு கேளுங்கள். சட்டையை மாற்றிக்கொண்டு உட்காருவது புத்தி.

சாப்பிட்டபின் மூன்று மணிவரை எங்கும் போகாதீர்கள். ஊரே படுத்துக் கிடக்கும் நேரம்.

பின்னேரம்: காத்தான்குடி

கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே சுமார் ஐந்தாறு கிலோமீற்றர். கல்முனைப் பக்கம் போகிற எந்தப் பஸ்ஸும் காத்தான்குடி வழியாகத்தான் போகும். பெரிய தெருவின் நடுவே பேரீச்ச மரங்களைக் கண்டதும் இறங்கலாம். முழங்கால், தோள் மூடிய உடை போடுங்கள். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், ஆனாலும் ஊர் வழக்கம் அது. பூர்வீக நூதனசாலை திறந்திருந்தால் அரை மணி நேரம் போய்ப் பாருங்கள். கிழக்கு முஸ்லிம்களின் பழைய வீட்டு வாழ்க்கையை ஆளுயர உருவங்களாகவே வைத்திருக்கிறார்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இங்கே ஒரு சொலவடை. ஊர்கள் அப்படித்தான் மாறி மாறிக் கிடக்கின்றன. 1990இல் போர்க்காலத்தில் நடந்த படுகொலைகளை இரண்டு பக்கத்தாரும் மறக்கவுமில்லை. கடையில் நின்று அரசியல் கதைக்காதீர்கள், விலையைக் கதையுங்கள்.

துணிக்கடைக்குப் போனால் சடங்கு ஒன்று நடக்கும். "இரிங்க, இரிங்க" என்பார்கள். தேத்தண்ணி வரும். மறுக்காதீர்கள், குடித்ததால் வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. விரித்துக் காட்டிய துணியெல்லாம் மலையாகக் குவிந்தபின் எழும்பிப் போகக் கூச்சமாக இருக்கும். "மறுகா வாறம் காக்கா" (பிறகு வருகிறோம் அண்ணா) என்று சொல்லிவிட்டு எழும்பலாம், குறையாக எடுக்க மாட்டார்கள்.

கடைகளில் கிடப்பதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. இந்தக் கரைக்கே உரிய கைத்தறி வேண்டுமென்றால் தெற்கே உள்ள நெசவு ஊரான மருதமுனையின் பெயர் சொல்லி, மருதமுனைச் சாரன் (கைலி), மருதமுனைச் சாறி என்று கேளுங்கள். காட்டியபின் சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை. கரையோரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமல் விரித்துப் பிடிக்க ஓரங்களில் ஊசிக் கட்டை போடுவார்கள். அதன் சிறிய துளைகள் இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் தெரியும். இயந்திரத் தறித் துணியில் ஓரம் துப்புரவாக, வெட்டி வைத்த மாதிரி இருக்கும். அடுத்து, நெசவைக் கிட்டப் பாருங்கள். அங்கங்கே ஒரு நூல் தடித்து, ஒரு வரி நெருங்கி, ஒரு வரி இளகி இருந்தால் அது ஒரு மனிதர் கால் மிதித்து நெய்தது. பிறகு கைக்குட்டையின் நுனியை நனைத்து உள் ஓரத்தில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் முதல் கழுவலிலேயே மற்ற உடுப்பையும் கெடுக்கும். சாரன் வாங்கினால் மூட்டியதா, மூட்டாததா என்று கேட்டு, மூட்டாததை வாங்கி ஊரில் உங்கள் இடுப்புக்குத் தைத்துக்கொள்வது நல்லது.

இனிப்பில் மஸ்கட், தொதல், வட்டிலப்பம். வயிற்றில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு என்றால் வட்டிலப்பத்தை அங்கேயே சாப்பிடுங்கள், தொதலைக் கட்டிக்கொண்டு போங்கள். தொதல் நாள் கணக்கில் நிற்கும், வட்டிலப்பம் நிற்காது.

பாய்

யாழ்ப்பாணத்தார் சொல்வார்கள், மட்டக்களப்பார் வந்தவரை மந்திர மருந்து போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. மந்திரத்தை நான் பார்த்ததில்லை, பாயைப் பார்த்திருக்கிறேன். குளத்தோரமும் வாவியோரமும் வளரும் பன் என்கிற புல்லை அறுத்துக் காயவைத்து, சாயம் தோய்த்துப் பெண்கள் இழைப்பது. வெக்கைக்குக் குளிர்ச்சி. சந்தையில் பிளாஸ்டிக் பாய் முன்னால் தொங்கும், பன் பாய் பின்னால் சுருண்டு கிடக்கும். விரித்துப் போட்டு ஓரம் மடித்து முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள். காய்ந்த புல் வாசம் வந்தால் சரி, பூஞ்சணம் வாடை வந்தால் ஈரத்தோடு வைத்தது. ஒருபோதும் மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்த இடத்தில் உடைந்துவிடும்.

இரவு: கொத்தும் பாலமும்

எட்டு மணிக்குமேல் கொத்துரொட்டி. இது பிறந்ததே மட்டக்களப்பில்தான் என்பது எங்கள் வாதம், மற்ற ஊர்க்காரர் சண்டைக்கு வரட்டும். இரும்புத் தகட்டில் இரண்டு கத்தியும் தாளம் தட்டுகிற சத்தத்தைக் கேட்டே கடையைக் கண்டுபிடிக்கலாம். முன்னால் கொத்தி வைத்ததைச் சூடாக்கித் தருகிற கடையை விடுங்கள். உங்களுக்கென்று ரொட்டியைக் கிழித்துப் போட வேண்டும். குழம்பைத் தனியாகக் கேளுங்கள்.

பிறகு கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் மனைவி லேடி மன்னிங்கின் பெயர். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தபின் வாகனச் சத்தம் அதற்குப் போய்விட்டது. பாட்டுக் கேட்க நிலவு காயும் இரவில், சனம் அடங்கியபின், தோணிக்காரர் ஒருவரைப் பேசிப் பாலத்தடிக்குப் போக வேண்டும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதோடு வையுங்கள். வீணைத் தந்தியைத் தொட்டுவிட்ட மாதிரி ஓர் அதிர்வு வரும், வராமலும் போகும். பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்று இன்னும் வழக்குத் தீரவில்லை. 1950களில் ஓர் அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் அந்த ஒலியைப் பதிந்தார், இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. கேட்டே தீருவேன் என்ற பிடிவாதத்தோடு போகாதீர்கள். விலையை ஏறுமுன் பேசுங்கள், பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதே விலை என்று சொல்லி ஏறுங்கள்.

இரண்டாம் நாள்: இரண்டில் ஒன்று

துணிப் பித்து உள்ளவர்கள் தெற்கே மருதமுனைக்கும் கல்முனைக்கும் போங்கள். பஸ்ஸில் சுமார் ஒன்றரை மணி நேரம். மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கிற வீட்டு வாசலில் நின்று கேட்டால் நெய்வதைக் காட்டுவார்கள். அங்கே நேரே வாங்கினால் பேரம் குறைவாகப் பேசுங்கள், அது அவர்கள் கூலி. கல்முனைச் சந்தை பெரியது, அம்பாறைக் கரையோரம் முழுக்க அங்கே கூடும். திரும்பும் வழியில் கல்லடியில் விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது.

அமைதி வேண்டுமென்பவர்கள் படுவான்கரைக்குப் போங்கள். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை தட்டைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது, அதை ஊரில் பாதை என்பார்கள். இப்போது ஆட்டோவிலேயே கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடலாம். பறங்கித் தளபதிக்கு முன்னால் புல் தின்று காட்டிய கல் நந்தி அங்கேதான் இருக்கிறது என்பது ஐதீகம். படகுப் பயணமே வேண்டுமென்றால் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குக் கடக்கலாம். மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். நான் சொன்ன தயிர் புறப்படுகிற பக்கம் இது. காலையில் போனால் வீதியோரத்தில் சட்டிகள் வண்டிக்குக் காத்திருக்கும்.

பேச்சும் பேரமும்

தமிழ்க் கடையில் அண்ணன், அக்கா. முஸ்லிம் கடையில் காக்கா, ராத்தா. வயசான பெண் "என்ன மனே வேணும்?" என்று கேட்டால் உங்களை வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார், பேரம் பேசுவது இனிக் கஷ்டம். துணியிலும் பாயிலும் பேரம் உண்டு. தயிரிலும் சாப்பாட்டிலும் இல்லை. மீனில் உண்டு, ஆனால் காலை பத்துக்குமேல்தான், வெயில் உங்கள் பக்கம் பேசத் தொடங்கியபின். சில்லறை நோட்டு வைத்திருங்கள். சந்தையில் வங்கி அட்டையை நீட்டினால் சிரிப்பார்கள்.

கட்டிக்கொண்டு போவது

புறப்படும் காலையில்தான் தயிர் வாங்க வேண்டும், முதல் நாள் இல்லை. கடைக்காரரிடம் "கொழும்புக்கு" அல்லது "யாழ்ப்பாணத்துக்கு" என்று ஊரைச் சொன்னால் அதற்கேற்ற இறுக்கத்தில் உள்ள சட்டியைத் தெரிந்து தருவார், வைக்கோலோ கடதாசியோ சுற்றிக் கட்டியும் விடுவார். ரயிலில் மேல் தட்டில் வைக்காதீர்கள். காலடியில், இரண்டு பையின் நடுவே நிமிர்த்தி வையுங்கள். காற்றுப் போகாமல் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் புளித்துவிடும். பாயைச் சுருட்டி மேல் தட்டில் போடலாம். கருவாடு வாங்கினால் மூன்று சுற்றுக் கடதாசி, அதற்குமேல் பொலித்தீன். துணிகள் இருக்கிற பைக்குள் மட்டும் வைக்க வேண்டாம், மருதமுனைச் சாறி ஒரு மாதத்துக்குக் கருவாடு மணக்கும். விமானத்தில் போகிறவர்கள் தயிரை மறந்துவிட்டுத் தொதலும் முந்திரிகைப் பருப்பும் வாங்குங்கள்.